நாலுக்கு மூன்று போடும் பிரின்சிபால்கள்

ஃபுளோரிடாவின் மயாமி-டேட், அமெரிக்காவின் மிகப் பெரிய பள்ளி மாவட்டங்களில் ஒன்று. பள்ளி மாவட்டம் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம். அங்கே ஜேசன் கிரிசம், சூசன்னா லோப் என்ற இரு ஆய்வாளர்கள் பிரின்சிபால்களைத் தனியாக உட்காரவைத்து, உங்கள் ஆசிரியர்கள் சிலரைப் பற்றி எங்களிடம் மட்டும் சொல்லுங்கள், வெளியே போகாது என்று கேட்டு மதிப்பெண் வாங்கினார்கள். அதே பிரின்சிபால்கள் அதே ஆசிரியர்களுக்கு மாவட்டத்தின் அதிகாரப்பூர்வப் படிவத்தில் போட்ட மதிப்பெண்ணையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். படிவத்தில் ஏறக்குறைய எல்லாருமே நல்லவர்கள். தனியாகச் சொன்னதில் அப்படி இல்லை. பலருக்கு மதிப்பெண் கீழே இறங்கியிருந்தது. 2017-ல் வெளியான ஆய்வு இது.

உள்ளொன்று வைத்துப் புறமொன்று எழுதுகிறார்கள் என்று திட்டிவிட்டுப் போய்விடலாம். அமெரிக்காவில் பல அரசியல்வாதிகள் அப்படித்தான் திட்டினார்கள். பிரின்சிபால்களின் பக்கத்தைக் கேட்டால் கதை வேறு மாதிரி போகிறது. மதிப்பீட்டு முறையை வடிவமைத்தவர்கள் பிரின்சிபாலை ஒரு தராசு என்று நினைத்தார்கள். அவரோ, எடை போட்ட ஆளோடு அடுத்த நாள் காலையில் அதே வராண்டாவில் எதிர்ப்பட வேண்டியவர். படிவத்தில் ஏறும் எண் வகுப்பறையை அளக்கும் அளவுக்கு அவருடைய நிலைமையையும் அளக்கிறது என்பது என் கருத்து.

கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். 2009-ல் டிஎன்டிபி என்ற அமைப்பு நான்கு மாநிலங்களின் 12 பள்ளி மாவட்டங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 'திருப்திகரம்', 'திருப்தியில்லை' என்று இரண்டே கட்டங்கள் உள்ள படிவம் இருந்த மாவட்டங்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் திருப்திகரம். கூடுதல் கட்டங்கள் வைத்த இடங்களிலும் 94 சதவீதம் பேர் மேல் இரண்டு கட்டங்களில் உட்கார்ந்திருந்தார்கள். அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் உண்டு. பணிப் பாதுகாப்பு பெற்ற, ஆனால் சரியாகப் பாடம் நடத்தாத ஆசிரியர் ஒருவராவது தங்கள் பள்ளியில் இருக்கிறார் என்று 81 சதவீத நிர்வாகிகள் சொன்னார்கள். அதாவது விஷயம் எல்லாருக்கும் தெரியும், எழுதுவதுதான் இல்லை.

இந்த அறிக்கை வந்த நேரம் பொருத்தமான நேரம். ஒபாமா அரசின் கல்வி அமைச்சர் ஆர்னி டங்கன் அதே ஆண்டு 'ரேஸ் டு தி டாப்' என்ற போட்டியை அறிவித்தார். பரிசுத் தொகை 435 கோடி டாலர். பொருளாதாரச் சரிவில் மாநிலங்கள் ஆசிரியர்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மாணவர் மதிப்பெண்ணை ஆசிரியர் மதிப்பீட்டோடு இணைத்தால் போட்டியில் புள்ளி கூடும் என்றார்கள். மாநிலங்கள் வரிசையாகச் சட்டத்தை மாற்றின. 2010 மார்ச்சில் முதல் சுற்றில் ஜெயித்தவை டெலவேரும் டென்னசியும். டென்னசிக்கு மட்டும் ஏறக்குறைய 50 கோடி டாலர்.

பணம் மாநிலத்துக்கு வந்தது, வேலை பிரின்சிபாலுக்கு வந்தது.

டென்னசியின் புது முறை 2011-ல் வகுப்பறைக்குள் நுழைந்தது. மதிப்பெண்ணில் பாதி மாணவர் தேர்வு சார்ந்தது, மீதிப் பெரும்பகுதி பிரின்சிபால் நேரில் பார்ப்பது. அனுபவமுள்ள ஆசிரியரை வருடத்துக்கு நான்கு தடவை பார்க்க வேண்டும், புதியவரை ஆறு தடவை. பார்ப்பது என்றால் எட்டிப் பார்ப்பது இல்லை. அறிவித்துவிட்டுப் போகும் வகுப்புக்கு முன்னால் ஆசிரியரோடு ஒரு பேச்சு, அப்புறம் பின்வரிசையில் மடிக்கணினியோடு ஒரு முழு வகுப்பு, அப்புறம் 19 அம்சங்கள் கொண்ட அளவுகோலில் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், அதற்கு ஆதாரமாக வகுப்பில் கேட்டது, கண்டது எல்லாம், அப்புறம் மறுபடி ஒரு பேச்சு, கடைசியில் கணினியில் பதிவேற்றம். 40 ஆசிரியர் உள்ள பள்ளியை வைத்துக் கணக்குப் போட்டால், ஆளுக்கு நான்கு என்றாலே 160 பார்வை. பள்ளி நடப்பது ஏறத்தாழ 180 நாள். நடுவே பேருந்து வராத நாள், சாப்பாட்டு அறைச் சண்டை, பெற்றோர் சந்திப்பு, மூக்கில் ரத்தம் வடியும் பிள்ளை எல்லாம் உண்டு. நல்ல ஆசிரியர் என்று இருபது வருடமாகத் தெரிந்தவரையும் நான்கு தடவை உட்கார்ந்து பார்த்து எழுது என்றால் எரிச்சல் வராதா? வந்தது. முதல் வருடம் முடிந்ததும் மாநிலமே இறங்கிவந்து, உச்ச மதிப்பெண் வாங்கியவர்களுக்குப் பார்வைகளைக் குறைத்தது.

சொல்லிவிட்டு வரும் பார்வை என்றதும் நமக்கு இன்ஸ்பெக்‌ஷன் நாள் ஞாபகம் வரும். சுவரெல்லாம் சார்ட், சாதாரணமாகச் சிரிக்காத வாத்தியார் அன்றைக்குச் சிரிப்பார், பதில் தெரிந்த பையன்கள் முன்வரிசையில். அமெரிக்கப் பிரின்சிபால்களுக்கும் அந்த நாடகம் பழக்கம்தான். ஆனால் கேட்ஸ் அறக்கட்டளை ஏறத்தாழ 3,000 ஆசிரியர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வில் ஒரு விசித்திரம் தெரிந்தது. மதிப்பிட வேண்டிய வகுப்பை ஆசிரியரே தேர்ந்தெடுக்கலாம் என்று விட்டால் எல்லாருக்கும் மதிப்பெண் கூடியது. வரிசை மட்டும் பெரிதாக மாறவில்லை. நன்றாக நடத்துபவர் தன் சிறந்த வகுப்பைக் காட்டுகிறார், தடுமாறுபவரும் தன் சிறந்த வகுப்பைத்தான் காட்டுகிறார், அதிலும் தடுமாற்றம் தெரிந்துவிடுகிறது. அதே ஆய்வில், பிரின்சிபால்கள் சொந்தப் பள்ளி ஆசிரியருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலும் யார் மேலே யார் கீழே என்பதில் வெளியாட்களோடு பெரும்பாலும் ஒத்துப்போனார்கள் என்றும் தெரிந்தது. ஆக, கண்ணில் கோளாறு இல்லை.

நேரில் பார்க்கும் பாதியை எவ்வளவு முணுமுணுத்தாலும் அதைத் தங்கள் வேலை என்று பிரின்சிபால்கள் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் பகிரங்கமாக எதிர்த்தது மற்றப் பாதியை. ஒரு மாணவன் போன வருடம் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து இந்த வருடம் எவ்வளவு வாங்குவான் என்று கணித்து, வாங்கியதற்கும் கணிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஆசிரியர் கணக்கில் எழுதும் முறை அது. கூட்டு மதிப்புக் கணக்கு என்று சொல்லலாம். வில்லியம் சாண்டர்ஸ் என்ற புள்ளியியலாளர் டென்னசியில் உருவாக்கிய முறை இதில் மூத்தது.

சிக்கல் என்னவென்றால், மாநிலத் தேர்வு எல்லாப் பாடத்துக்கும் கிடையாது. டென்னசியில் பாதிக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்குத் தங்கள் பெயரில் தேர்வு மதிப்பெண்ணே இல்லை. இசை, ஓவியம், உடற்பயிற்சி, மழலையர் வகுப்பு எல்லாம் அப்படித்தான். அவர்களுக்குப் பள்ளி முழுவதும் வாங்கிய மதிப்பெண்ணை எடுத்து ஒட்டினார்கள். அதோடு, 15 சதவீதத்துக்குரிய அளவு எது என்று ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கவும் சொன்னார்கள். விளையாட்டு வாத்தியார், இந்த வருடம் பிள்ளைகள் கட்டுரைத் தேர்வில் நன்றாக எழுதுவார்களா, கணக்கில் நன்றாகச் செய்வார்களா என்று யோசித்துப் பந்தயம் கட்டுவது போலத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அந்த எண்ணைக் கூட்டிச் சேர்த்து அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து விளக்க வேண்டியவர் பிரின்சிபால். தான் நம்பாத கணக்கைத் தன் வாயால் சொல்வது எவ்வளவு கூச்சமான வேலை என்பது, மேலதிகாரி அனுப்பிய இலக்கைக் கீழே உள்ளவர்களிடம் வாசித்துக்காட்டிய எந்த மேனேஜருக்கும் தெரியும்.

நியூயார்க்கில் இது கலகமாகவே வெடித்தது. 2011 இலையுதிர் காலத்தில் லாங் ஐலண்ட் பகுதிப் பிரின்சிபால்கள் இருவர் மாநிலத்தின் புது மதிப்பீட்டு முறையை எதிர்த்து ஒரு திறந்த மடல் எழுதினார்கள். சில மாதங்களில் 1,500-க்கும் மேற்பட்ட பிரின்சிபால்கள் கையெழுத்துப் போட்டார்கள். அரசு ஊழியர் அதுவும் பள்ளித் தலைவர் மேலிடத்தை எதிர்த்துப் பெயரோடு கையெழுத்திடுவது சாதாரணமாக நடப்பதில்லை. மாநிலம் நடத்திய பயிற்சியில் அவர்களுக்கு ஒரு வீடியோ போட்டுக் காட்டினார்களாம். பறந்துகொண்டிருக்கும்போதே விமானத்தைக் கட்டி முடிக்கும் ஆட்களைப் பற்றியது அது. உற்சாகப்படுத்துவதற்காகக் காட்டியிருப்பார்கள். அந்த விமானத்தில் உட்கார்ந்திருப்பது எங்கள் பிள்ளைகளாயிற்றே என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியிருந்தால் குற்றம் சொல்ல முடியாது.

அவர்களுடைய பயம் வீண்போகவில்லை. லாங் ஐலண்டின் கிரேட் நெக் பகுதியில் நான்காம் வகுப்பு எடுத்த ஓர் ஆசிரியைக்கு, மாணவர் தேர்வை வைத்துப் போடும் கணக்கில், ஒரு வருடம் 20-க்கு 14 வந்தது. அடுத்த வருடம் அதே பள்ளியில், தேர்வில் ஏறக்குறைய அதே தரத்தில் பிள்ளைகள் எழுதியும், 20-க்கு 1. அவர் வழக்குப் போட்டார். 2016-ல் நீதிபதி அந்த மதிப்பெண்ணை எந்த நியாயமும் இல்லாத தன்னிச்சையான ஒன்று என்று தள்ளுபடி செய்தார். இதற்கு இரண்டு வருடம் முன்பே அமெரிக்கப் புள்ளியியல் சங்கம், மாணவர் மதிப்பெண்களில் தெரியும் ஏற்றத்தாழ்வில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அறிக்கை விட்டிருந்தது.

சரி, இவ்வளவு சட்டம், பணம், பயிற்சி எல்லாவற்றுக்கும் பிறகு மதிப்பெண்கள் என்ன ஆயின? மேத்யூ கிராஃப்ட், அலிசன் கில்மோர் இருவரும் 24 மாநிலங்களின் புது மதிப்பெண்களை எடுத்துப் பார்த்து 2017-ல் எழுதினார்கள். பெரும்பாலான மாநிலங்களில் 'தேர்ச்சி'க்குக் கீழே வந்தவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு நகர மாவட்டத்தில் அவர்கள் பிரின்சிபால்களையும் நேரில் கேட்டார்கள். தேர்ச்சிக்குக் கீழே இருப்பதாக அவர்கள் மனதில் நினைத்த ஆசிரியர்கள், படிவத்தில் அப்படி எழுதப்பட்டவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

ஏன் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள்தான் எனக்கு இந்த விவகாரத்திலேயே மிகவும் சுவாரசியமான பகுதி. பயந்துவிட்டோம் என்று சொன்னவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. முகத்துக்கு நேரே ஒருவரிடம் நீ சரியில்லை என்று சொல்வது சங்கடம் என்று ஒத்துக்கொண்டார்கள். மற்றக் காரணங்களில் ஒரு கணக்கு இருக்கிறது.

முதலில் நேரம். ஒருவருக்குத் தாழ்ந்த மதிப்பெண் போட்டால் வேலை அங்கே முடிவதில்லை, தொடங்குகிறது. முன்னேற்றத் திட்டம் எழுத வேண்டும், கூடுதல் பார்வைகள், ஒவ்வொன்றுக்கும் ஆவணம், ஆசிரியர் சங்கத்தின் பிரதிநிதியோடு கூட்டம். ஒருவருக்கு இதைச் செய்யலாம், இருவருக்குச் செய்யலாம். ஆறு பேருக்குச் செய்தால் பள்ளியை யார் நடத்துவது? அதனால் மனதுக்குள் ஒரு வரிசை போட்டு, மிக மோசமான ஒருவரை மட்டும் பிடித்துக்கொண்டு மீதிப் பேருக்கு நாலுக்கு மூன்று, அதாவது 'தேர்ச்சி', போட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது ஆள். அமெரிக்காவில் பெரும்பாலும் பிரின்சிபாலே நேர்காணல் செய்து ஆசிரியரை எடுக்கிறார். நம்மூர் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கு அந்த வேலை கிடையாது, ஆசிரியர் தேர்வு வாரியம் பார்த்துக்கொள்ளும். ஆள் பிடிக்கும் தலைவலி தன்னுடையது என்றால் கணக்கு மாறிவிடும். ஏழைப் பகுதிப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இடம் காலியானால் வருடம் முழுக்கத் தற்காலிக ஆள்தான். சுமாரான ஆசிரியரா, யாருமே இல்லாத வகுப்பா என்று வந்தால் சுமாரானவர் போதும். சில நேரம் வேலையிலிருந்து விலக்கப்பட்டவருக்குப் பதிலாக வருபவர் அவரைவிட மோசமாக இருப்பார். இந்த அனுபவம் ஒரு தடவை பட்டவர் மறுபடி பேனாவை அந்தப் பக்கம் நகர்த்த மாட்டார்.

இன்னொன்று, புதியவர்கள். முதல் வருட ஆசிரியர் தடுமாறத்தான் செய்வார். உண்மையான மதிப்பெண் போட்டால் மனம் உடைந்து போய்விடுவார், இரண்டு வருடம் கழித்து நன்றாக வரக்கூடியவர் என்று நினைத்து மதிப்பெண்ணை ஏற்றிப் போட்டதாகச் சிலர் சொன்னார்கள். தாழ்ந்த மதிப்பெண் போடாமல், நீங்களாகவே போய்விடுங்கள் என்று பேசி முடித்து அனுப்பும் வழக்கமும் உண்டு. அந்த ஆசிரியர் நல்ல மதிப்பெண்ணோடு வேறு பள்ளிக்குப் போய்ச் சேர்கிறார். அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் நிலையை நினைத்தால் இது எவ்வளவு நல்ல காரியம் என்று தெரியவில்லை.

பிரின்சிபால்கள் எல்லாரும் நியாயவான்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களின் கண்ணுக்கும் எல்லை உண்டு. பிரையன் ஜேக்கப், லார்ஸ் லெஃப்கிரென் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் பிரின்சிபால்கள் உச்சியில் இருப்பவரையும் அடியில் இருப்பவரையும் சரியாகக் காட்டினார்கள், நடுவில் இருக்கும் பெரும் கூட்டத்தைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. படிவமோ எல்லாரையும் பிரித்துத் தரச் சொல்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பின் ஆசிரியர் பார்வை மதிப்பெண்ணிலும் முந்துகிறார் என்று புரூக்கிங்ஸ் நிறுவன ஆய்வு ஒன்று 2014-ல் காட்டியது. வகுப்பு தானாக நன்றாக ஓடினால் நடத்துபவரின் திறமையாகத் தெரிகிறது. அதனால் சங்கங்கள் பிரின்சிபால் கையில் முழு அதிகாரம் தருவதை எதிர்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. பிடிக்காதவரைப் பழிவாங்கிய கதை எந்த ஊர் ஆசிரியர் அறையிலும் ஒன்றாவது கிடைக்கும்.

சிகாகோவில் அதிகாரத்தைக் கொடுத்தும் பார்த்தார்கள். 2004-ல் போட்ட ஒப்பந்தப்படி, பணி நிரந்தரமாகாத ஆசிரியரை வருடக் கடைசியில் கணினியில் ஒரு கட்டத்தை அழுத்தினாலே அனுப்பிவிடலாம். ஆவணம் வேண்டாம், விசாரணை வேண்டாம். ஆனாலும் மிகப் பின்தங்கிய பள்ளிகள் உட்பட பல பள்ளிகளில் பிரின்சிபால்கள் ஒருவரைக்கூட அனுப்பவில்லை. காகித வேலைதான் தடை என்று சொன்னவர்கள் இதற்குப் பதில் யோசிக்க வேண்டியிருந்தது.

அதே சிகாகோவில் 2008-ல் வேறொரு முயற்சி. சார்லட் டேனியல்சன் வகுத்த நான்கு நிலை அளவுகோலைப் பரிசோதனையாகச் சில பள்ளிகளில் கொண்டுவந்து, பிரின்சிபால்களையும் வெளியாட்களையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்தார்கள். கீழ் நிலைகளில் இருவரின் மதிப்பெண்ணும் ஒத்துப்போனது. உச்ச நிலையில் மட்டும் பிரின்சிபால்கள் தாராளமாக இருந்தார்கள். பழைய முறையில் 'மிகச் சிறப்பு' வாங்கிப் பழகியவரை ஒரு படி இறக்கினால் உறவு கெட்டுவிடும் என்று அவர்களில் சிலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். முதல் வருடம் சேர்ந்த பள்ளிகளில் பிரின்சிபால்களுக்கு நிறையப் பயிற்சியும் துணையும் கிடைத்தது, அங்கே மாணவர்களின் வாசிப்பு மதிப்பெண் கூடியது. இரண்டாம் வருடம் சேர்ந்த பள்ளிகளுக்கு அந்தத் துணை வெகுவாகக் குறைந்தது, பலனும் தெரியவில்லை. படிவம் இரண்டு வருடமும் ஒன்றுதான்.

பின்னால் அந்த அளவுகோலைப் பல மாநிலங்கள் தழுவிக்கொண்டபோது டேனியல்சனுக்கே கவலை வந்துவிட்டது. நுணுக்கமான தொழில் ஒன்றைக் கட்டம் போட்டு டிக் அடிக்கும் நடத்தைகளாக்கிவிட்டார்கள் என்று 2016-ல் அவர் எழுதினார்.

வகுப்பைப் பார்ப்பது வேறு, பார்த்ததை வைத்து ஆசிரியரோடு பேசுவது வேறு. மயாமி-டேட்டில் ஏறத்தாழ நூறு பிரின்சிபால்களின் பின்னாலேயே ஆட்கள் நாள் முழுக்க நடந்து, என்ன செய்கிறார்கள் என்று குறித்தார்கள். கற்பித்தல் தொடர்பான வேலைக்கு அவர்கள் செலவிட்ட நேரம் 12.7 சதவீதம். அதில் பெரிய பங்கு, 5.4 சதவீதம், வகுப்புகளுக்குள் போய் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருவது. ஆசிரியரோடு உட்கார்ந்து எப்படி நடத்தலாம் என்று சொல்லிக்கொடுப்பது 0.5 சதவீதம். சுற்றிப் பார்ப்பது அதிகமான பள்ளிகளில் மாணவர் முன்னேற்றம் குறைவாகவே இருந்தது, சொல்லிக்கொடுப்பது அதிகமான பள்ளிகளில் கூடுதல். நேரமில்லை என்று பிரின்சிபால்கள் சொல்வது உண்மைதான். இருக்கும் நேரத்தையும் சுற்றுவதில் விடுகிறார்கள் என்பதும் உண்மை.

தேர்வு மதிப்பெண்ணை ஆசிரியர் மதிப்பீட்டோடு இணைக்கச் சொல்லி மத்திய அரசு கொடுத்துவந்த அழுத்தத்தை, 2015 டிசம்பரில் வந்த புதிய கல்விச் சட்டம் எடுத்துவிட்டது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. நியூ மெக்சிகோ மட்டும் ஒரு காலத்தில் 28 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களைத் தேர்ச்சிக்குக் கீழே வைத்துப் பெயர் வாங்கியிருந்தது. தேர்வு மதிப்பெண்ணுக்கு அங்கே அவ்வளவு எடை. 2019 ஜனவரியில் பதவியேற்ற புதிய ஆளுநர் வந்தவுடனேயே ஓர் ஆணையில் அதை நீக்கினார். கேட்ஸ் அறக்கட்டளையின் பணமும் உள்ளூர்ப் பணமுமாக ஏறத்தாழ 57.5 கோடி டாலர் செலவான ஆசிரியர் மதிப்பீட்டுத் திட்டத்தை ராண்ட் நிறுவனம் 2018-ல் மதிப்பிட்டு, மாணவர்களிடம் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை என்றது. 2021-ல் நாடு முழுவதையும் எடுத்துப் பார்த்த ஆய்வும் அதையேதான் சொன்னது.

பலன் தெரிந்த இடமாக ஆய்வாளர்கள் அடிக்கடி காட்டுவது ஒஹையோவின் சின்சினாட்டி. ரேஸ் டு தி டாப்புக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிய திட்டம் அது. அந்தக் காலத்தில் அனுபவமுள்ள ஆசிரியருக்குச் சில வருடத்துக்கு ஒருமுறைதான் மதிப்பீடு. அந்த ஒரு வருடத்தில் நான்கு பார்வை. அவற்றில் ஒன்றை மட்டும் பிரின்சிபாலோ உதவிப் பிரின்சிபாலோ செய்வார். மூன்றைச் செய்பவர் வேறு பள்ளியிலிருந்து வரும் மூத்த ஆசிரியர். சொந்த வகுப்பை விட்டுவிட்டு மூன்று வருடம் இதையே முழுநேரமாகப் பார்ப்பவர். நாளைக்குக் காலையில் அதே வராண்டாவில் எதிர்ப்பட மாட்டார். ஒவ்வொரு பார்வைக்கும் பிறகு எழுதியும் கொடுப்பார், உட்கார்ந்தும் பேசுவார். இந்த மதிப்பீட்டுக்குள் போய்வந்த ஆசிரியர்களின் மாணவர்கள் கணக்கில் அந்த வருடத்தைவிட அடுத்தடுத்த வருடங்களில் இன்னும் நன்றாகச் செய்தார்கள் என்று எரிக் டெய்லரும் ஜான் டைலரும் 2012-ல் எழுதினார்கள்.

அங்கேயும் கடைசி மொத்த மதிப்பெண்ணில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் மேல் இரண்டு நிலைகளில்தான் இருந்தார்கள். தனித்தனி அம்சங்களுக்குப் போட்ட மதிப்பெண்ணில்தான் கொஞ்சம் கறார். திட்டத்துக்கு ஆன செலவு மதிப்பிடப்பட்ட ஆசிரியர் ஒருவருக்கு ஏறத்தாழ 7,500 டாலர், அதில் பெரும்பகுதி அந்த வேறு பள்ளி ஆசிரியர்களின் சம்பளம்.